ஆட்டுக்கும் செருப்புக்கும் நடுவில்

அகரம் பக்கம் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து, தார் ரோட்டில் கெளுத்தி மீன் துள்ளியதே, அந்த வருடம். ஆட்கள் துண்டை விரித்து மீன் பிடித்தார்கள். டவுன் பஸ் டிரைவர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, டிபன் டப்பாவில் மூன்று மீனைப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினார். பஸ்ஸில் இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பாதிப் பேர் கையிலும் மீன் இருந்தது. அந்த மழை விட்டு, ரோட்டில் சேறு காய்ந்த வாரம்தான் டீச்சரம்மா எங்கள் கட்டடத்துக்கு வந்தார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவேன். அதனால் எதையும் இப்படி மழை, மீன் என்று முடிச்சுப் போட்டுத்தான் ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

எங்கள் கட்டடம் என்றேன். அதில் எனக்குச் சொந்தம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்தான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரம். கீழே செல்போன் கடையும் பேக்கரியும். மேலே கம்ப்யூட்டர் சென்டர். நான் பகல் வாட்ச்மேன். அதற்கு முன்னால் முப்பது வருடத்துக்கு மேல் தோல் ஷாப்பில் வேலை பார்த்தேன். தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று முழங்கால் போனதும் ஸ்டூலுக்கு வந்தேன்.

டீச்சரம்மா வந்த முதல் நாள் கரண்ட் இல்லை. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தோளில் ஒரு பெரிய பை. படியேறப் போனவர் நின்று என்னைக் கேட்டார்.

"கரண்ட் எப்பப் போச்சு தாத்தா?"

"பத்தரைக்கும்மா."

"எப்படிப் போச்சு?"

இப்படி ஒருவர் என்னைக் கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது தெரியுமா? சொன்னேன். டிரான்ஸ்பார்மரில் காக்கா உட்கார்ந்தது. பட்டென்று ஒரு வெளிச்சம். பேக்கரி அடுப்பு நின்று, உள்ளே பாதி வெந்த பன்னோடு பேக்கரிக்காரர் தலையில் கை வைத்தது. லைன்மேன் வந்தது. ஏணி கோயிலுக்குப் போனது.

"இருங்க," என்றார். "லைன்மேன் வந்தாரு, சரி. ஏணி கோயிலுக்குப் போச்சு, சரி. நடுவுல என்ன ஆச்சு? ஏணி இல்லாமலா வந்தாரு?"

நடுவில் ஒரு கதை இருக்கத்தான் செய்தது. சீரியல் பல்பு கட்டுவதற்குக் கோயில்காரர்கள் முதல் நாளே அந்த ஏணியை வாங்கிப் போயிருந்தார்கள். டீச்சரம்மா படியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டார். என் வீட்டுக்காரியிடம் நான் வாயைத் திறந்தால், "சுருக்காச் சொல்லும், அடுப்புல பால் இருக்கு" என்பாள். அடுப்பில் பால் இல்லாத நாளிலும் அதையேதான் சொல்வாள்.

நடுவுல என்ன ஆச்சு. இதுதான் அவர் பேச்சு. காலையில் ஒரு தடவையாவது அவர் வாயிலிருந்து அது வராமல் இருக்காது. ஒரு நாள் பேக்கரிக்காரர், "எம் மச்சினன் வீட்டை விட்டு ஓடிப் போனான், நாலு மாசங்கழிச்சு நேத்து வந்துட்டான்" என்று பப்ஸை எடுத்துக் கொடுத்தபடியே சொன்னார். டீச்சரம்மா பப்ஸைக் கடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, "நடுவுல என்ன ஆச்சுண்ணே?" என்றார். பேக்கரிக்காரர் முழித்தார். வந்தவனைத் திட்டினார்கள், சோறு போட்டார்கள், அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. அன்று மதியமே கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போய்க் கேட்டிருக்கிறார். மச்சினன் தேம்பித் தேம்பி அழுதுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தானாம். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் சொன்னானாம். மறுநாள் பேக்கரிக்காரர் டீச்சரம்மாவுக்கு ஒரு தேங்காய் பன் சும்மா கொடுத்தார். அவர் சும்மா கொடுத்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

ஆனால் தன் கதையை மட்டும் டீச்சரம்மா அப்படிச் சொல்ல மாட்டார். "சென்னையில இருந்தேன் தாத்தா. இப்ப இங்க இருக்கேன்," அவ்வளவுதான். நான்தான் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டேன். பக்கத்து வடமதுரைக்காரர். சென்னையில் ஒரு கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்தார். அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பார்க்க வேறு ஆள் இல்லை. காலையில் அப்பாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறுவார். சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். திண்டுக்கல்லில் வேலை இருந்தால்தான் அது முடியும். இல்லையென்றால் அப்பாவை யாரிடமோ விட்டுவிட்டுச் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

சென்டர் முதலாளிக்குக் கம்ப்யூட்டர் தவிர வேறு எதிலும் நம்பிக்கை கிடையாது. கையால் வரைகிற அனிமேஷன் வகுப்பு என்று டீச்சரம்மா கேட்டதும் மாடியில் ஒரு ரூமைக் காட்டி, கண்டிஷனாகச் சொன்னார்.

"எட்டுப் பேரு சேரணும். எட்டுப் பேரும் பொங்கலுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு படம் முடிச்சு எங்கையில குடுக்கணும். கம்ப்யூட்டர்ல தட்டி, போன்ல தட்டிக் காட்டுனா ஒத்துக்க மாட்டேன். கை வகுப்புன்னா கையில தாளைப் பொரட்டித்தான் பாப்பேன். ஒண்ணு கொறஞ்சாலும் ரூமு ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு."

ஏழு பேர் சேர்ந்தார்கள். எட்டாவது ஆள் வரவேயில்லை. கடைசி நாள் மதியம் டீச்சரம்மா படியிறங்கி வந்து என் முன்னால் நின்றார்.

"தாத்தா, உங்களுக்கு வரையத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"நல்லதாப் போச்சு. கெட்ட பழக்கம் எதுவும் இருக்காது. வாங்க."

முதலாளி சிரித்தார். "ஏ பெருசு, தோலு நாத்தம் போயி இப்ப பென்சில் நாத்தமா?"

"எட்டுன்னீங்க மொதலாளி. எட்டு இருக்கு," என்றேன். நம் வாட்ச்மேன்தானே, உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். மதியம் இரண்டு மணி நேரம் என் ஸ்டூலைப் பேக்கரிக்காரர் பார்த்துக்கொண்டார்.

வகுப்பில் ஆளுக்கு ஒரு மரப்பெட்டி. மேலே பால் கண்ணாடி, உள்ளே பல்பு. பாதியாக வெட்டிய தாளின் தலைமாட்டில் இரண்டு ஓட்டை. அந்த ஓட்டை பெட்டியில் இருக்கிற இரண்டு குச்சியில் உட்கார்ந்துகொள்ளும். வரைந்த தாள் மேல் வெறுந்தாளைப் போட்டு விளக்கைப் போட்டால் அடியில் உள்ள கோடு மேலே தெரியும். முதல் நாள் டீச்சரம்மா ஒரு தாளில் எலுமிச்சம்பழம் போட்டார். இன்னொன்றில் கத்திரிக்காய்.

"இது அதுவா மாறணும். மொதல்ல ரெண்டு கரையும் போட்டுறணும். அப்புறம் நட்ட நடு. அப்புறம் அந்த நடுவுக்கு நடு. இப்படியே நெருங்கிக்கிட்டே வரணும். எங்கயும் தாண்டக் கூடாது."

தாள்களை அடுக்கி, அடியிலிருந்து கட்டை விரலால் சரசரவென்று புரட்டி விட்டார். எலுமிச்சம்பழம் மெல்ல நீண்டது. இடுப்பு விழுந்தது. தலையில் காம்பு முளைத்தது. கத்திரிக்காய். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அதற்கு மார்ஃபிங் என்று பெயர் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். வீட்டுக்காரி பதறிப்போனாள். "ஐயையோ, அதுக்குத்தான டீவியில போலீசு புடிச்சுட்டுப் போறாக?"

"அது வேற. இது எலுமிச்சம்பழத்தைக் கத்திரிக்காயா மாத்துறது."

"அதுக்கு எதுக்கு வகுப்பு? கூடையில மாத்திப் போட்டா முடிஞ்சுச்சு."

அப்புறம் ஆளுக்கு இரண்டு பொருள் எடுக்கச் சொன்னார் டீச்சரம்மா. என் பக்கத்துப் பெட்டியில் மூக்குத்தி போட்ட ஒரு பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம். அது பூட்டைப் பட்டாம்பூச்சியாக்குகிறேன் என்றது. நான் யோசிக்கவே இல்லை. முதல் தாளில் ஆடு, கடைசித் தாளில் செருப்பு. ஆட்டை வரையவே நாலு நாள் ஆனது. முதலில் அது நாய் மாதிரி இருந்தது, அப்புறம் கட்டில் மாதிரி இருந்தது. டீச்சரம்மா ஒரு கோடுகூடப் போட்டுத் தரவில்லை. "ஆடு படுக்கும்போது மொதல்ல எந்தக் காலை மடக்கும் தாத்தா?" என்று கேட்பார். முன்னங்கால். அதை நினைத்துப் போட்டதும் ஆடு ஆடாகிவிட்டது.

நடுத் தாளில்தான் சண்டை வந்தது.

"காது அப்படியே நீண்டு செருப்பு வாராகட்டும். உடம்பு சப்பையாகி அடியாகட்டும்," என்றார்.

"ஆட்டுக் காது வாராகாது டீச்சரம்மா. காதை மொதல்லயே அறுத்து எறிஞ்சிருவோம்."

"இது படம்தான தாத்தா."

"படம்னா நடுவுல உள்ளதை விட்றலாமா?"

மற்றவர்கள் பென்சிலை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். டீச்சரம்மா பென்சிலைக் காதில் செருகினார். ஒரு நாற்காலியை என் பெட்டிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"விடக் கூடாதுதான். சொல்லுங்க, நடுவுல என்ன?"

சொன்னேன். உரித்த தோலுக்கு உப்புப் போடுவது, ஊற வைப்பது, சுண்ணாம்பில் முடி கழன்று வருவது, சதையை வழிப்பது, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோல் நிறம் மாறுவது, பலகையில் ஆணியடித்து இழுத்துக் காய வைப்பது. எங்கள் மேஸ்திரி ஒருவர் தோலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தே ஈரம் சொல்லுவார், அவர் கதை தனி, அதையும் சொன்னேன். அன்றைய வகுப்பே அதில் போய்விட்டது.

"எத்தனை தாள் ஆகும்?"

மற்றவர்களுக்கு இருபத்து நாலு. "அறுபது ஆகும்," என்றேன்.

அவர் கண் சுவரில் இருந்த காலண்டருக்குப் போனதை நான் பார்த்தேன். பொங்கலுக்கு மூன்று வாரம்கூட இல்லை.

"வரைங்க," என்றார்.

"மேம், தாத்தா இந்த ரூமை ஸ்போக்கன் இங்கிலீஷுக்குத் தாரை வாத்துட்டுத்தான் எந்திரிப்பாரு," என்றது மூக்குத்திப் பிள்ளை.

வரைந்தேன். நடுவுக்கு நடு என்று தாவாமல், ஒரு தாளை முடித்து அடுத்த தாள் என்று வரிசையாகவே போனேன். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் கை காற்றில் கோடு போடும். வீட்டுக்காரி, "ஆட்டை வரைஞ்சது போதும், ஒரு கிலோ கறியை வரையும், கொழம்பு வைக்கிறேன்" என்பாள். இருபத்து நாலு தாளில் ஆடு நடந்து வந்து படுத்தது. இருபது தாளில் தோல் விரிந்து, ஊறி, இழுபட்டது. பதினாறு தாளில் அது வெட்டுப்பட்டுச் செருப்பாகி, வார் ஏறியது. முதலாளி பார்க்க வருவதற்கு முதல் நாள் மதியம் அறுபதும் முடிந்தது.

டீச்சரம்மா அறுபதையும் முகம் மேலே வரும்படி அடுக்கி, கிளிப் போட்டு, விரலால் விட்டார். ஆடு விடுக் விடுக்கென்று இடமும் வலமும் திரும்பியது. ஒரு தாளில் கிழக்கே பார்த்தது, அடுத்த தாளில் மேற்கே பார்த்தது. அந்த வேகத்தில் பார்த்தால் தலையை ஆட்டிக்கொண்டே வருகிற மாதிரி இருந்தது. ஆடு முடியும் முன்பே டீச்சரம்மா விரலை எடுத்துவிட்டார்.

"செருப்பாக மாட்டேன் மாட்டேங்குது தாத்தா!" மூக்குத்திப் பிள்ளை பெட்டி மேல் விழுந்து சிரித்தது. டீச்சரம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஒருவனால் ரூம் போகப் போகிறது. வடமதுரையில் ஒரு மனிதர் ஒரு பக்கமாகக் கிடக்கிறார்.

சிரித்து முடித்துவிட்டு டீச்சரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தாத்தா, ஒரு தாள் முடிச்சுட்டு அடுத்த தாள் எடுப்பீங்கள்ல. நடுவுல உங்க கை என்ன பண்ணுது? பண்ணிக் காட்டுங்க."

காட்டினேன். முடித்த தாளை எடுத்தேன். கவிழ்த்துப் போட்டேன். அதன் மேல் வெறுந்தாளை வைத்தேன்.

"ஏன் கவுத்துறீங்க?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. முப்பது வருடம் தோல் அடுக்கிய கை. முடிப்பக்கம் முடிப்பக்கத்தோடு, சதைப்பக்கம் சதைப்பக்கத்தோடு. ஒன்றை மல்லாத்தினால் அடுத்ததைக் கவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் முடிப்பக்கம் கறைபடும். தாளை வைத்தாலும் கை அதையே செய்திருக்கிறது. கவிழ்ந்த தாளின் மேல் வரைந்தால் ஆடு திரும்பித்தானே நிற்கும்? அதற்கடுத்த தாளில் மறுபடி நேராகும். விரித்த தோலுக்கு இடமும் வலமும் ஒன்று, அதனால் நடுவில் இருபது தாளில் பிழை தெரியவில்லை. ஆட்டில் பன்னிரண்டு, செருப்பில் எட்டு, இருபது தாள் தப்பு.

"ஆளுக்கு மூணு குடுங்க மேம், அரை மணி நேரத்துல முடிச்சிரலாம்," என்றது மூக்குத்திப் பிள்ளை. வாய்தான் நீளம், மனசு தங்கம்.

"வேணாம். கை மாறுனா கோடு துடிக்கும். அதோட, ஒவ்வொருத்தரும் அவங்க கையாலன்னு சொல்லியிருக்கேன்." தப்பான தாளை எடுத்து, பெட்டியில் கவிழ்த்து வைத்து விளக்கைப் போட்டார். பின்பக்கத்தில் ஆடு நேராகத் தெரிந்தது. "தாளோட முதுகுல இதையே போடுங்க. அவசரப்படாதீங்க. அந்த மேஸ்திரி கதையை இன்னொரு தடவை சொல்லிக்கிட்டே போடுங்க."

சாயங்காலத்துக்குள் ஏழு ஆடு திரும்பியது. அவர் பஸ்ஸுக்குப் போனார். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். அப்பாவைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறாராம். நான் உட்கார்ந்து ஒரு ஆடு முடிக்கவில்லை, கரண்ட் நின்றது. அன்றைக்கு மெயின்டனன்ஸ், சாயங்காலம்தான் வரும் என்றார்கள். டீச்சரம்மா எப்படிப் போச்சு என்று கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்தார், மறுபடி சாத்தினார். கண்ணாடியில் வெயில் சுள்ளென்று அடித்தது. தாளை அதில் ஒட்டினார். நான் நின்றுகொண்டே போட்டேன். முழங்கால் கூப்பாடு போட்டது. பன்னிரண்டாவது ஆடு முடியும்போது மணி பத்தாகப் பத்து நிமிடம். பத்துக்கு முதலாளி வருவதாகச் சொல்லியிருந்தார். செருப்பு எட்டும் அப்படியே கிடந்தது.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து அடுத்த தாளை எடுத்தேன். டீச்சரம்மா அதன் மேல் கையை வைத்தார்.

"இது போதும் தாத்தா. இதை இப்படியே விட்றலாம்."

"எட்டு இருக்கு டீச்சரம்மா. தப்பா இருக்கு."

"இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு ஏணிக் கதையில் நடுவை விடாதவர், இப்போது கடைசியையே விடச் சொல்கிறாரே. கை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். மூலையில் போய் நின்றேன்.

முதலாளி வந்தார். ஏழு பேருடையதையும் பார்த்தார். பூட்டு பட்டாம்பூச்சியானதும் "ம்" என்றார். கடைசியில் என் கட்டைக் கையில் எடுத்தார். கனத்துப் பார்த்தார். கட்டை விரலை வைத்து விட்டார். ஆடு நடந்து வந்தது, தலையாட்டாமல். முன்னங்காலை மடக்கிப் படுத்தது. விரிந்தது. தோலானது. இழுபட்டது. வெட்டுப்பட்டது. வார் ஏறியது. செருப்பு ஒரே இடத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. வலது செருப்பு, இடது செருப்பு. வலது, இடது, வலது, இடது.

திரும்பி விழுந்த எட்டுத் தாளிலும் வலது கால் செருப்பு இடது காலுக்கானதாகி, தாளின் அந்தப் பக்கம் போய் நின்றிருக்கிறது.

"ஏலே பெருசு!" என்றார் முதலாளி. "செருப்பு நடக்குதுடா!"

மறுபடி விட்டார். இன்னொரு தடவை விட்டார். கட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்ப் பேக்கரிக்காரரிடம் காட்டினார். மேலே டீச்சரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது.

முதலாளி திரும்பி வந்ததும், "எட்டு ஆச்சு சார்," என்றார்.

"ஆச்சும்மா, ஆச்சு. அடுத்த பேட்ச்சுக்கு போர்டு எழுதிப் போடு."

எல்லாரும் போன பிறகு நான் கேட்டேன். "செருப்பு நடக்குறதை எப்பப் பாத்தீக? சொல்லியிருந்தா நான் கோவிச்சுக்கிட்டு மூலையில போய் நின்னிருக்க மாட்டேன்ல."

"நீங்க மூஞ்சி கழுவப் போனீங்க. நான் கடைசித் தாள்களை அடுக்குனேன். அவசரத்துல கட்டு நழுவி அதுவாப் பொரண்டுச்சு தாத்தா. ரெண்டு கால் போற மாதிரி இருந்துச்சு. நிஜமாவா, எனக்குத்தான் அப்படித் தெரியுதான்னு சந்தேகம். இன்னொரு தடவை பாக்கறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க." கட்டைத் திரும்பக் கிளிப் போட்டுக்கொண்டே சொன்னார். "சார் விரலை எடுக்கிற வரைக்கும் எனக்கும் தெரியாது."

அதற்கப்புறம் மூன்று வருடம் அந்த ரூமில் அவர்தான் வகுப்பு எடுத்தார். அப்பா கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்தார். ஒரு நாள் பஸ் ஏறி எங்கள் பேக்கரி வரைக்கும் வந்து டீ குடித்துவிட்டுப் போனார். அப்புறம் டீச்சரம்மாவுக்குக் கோயம்புத்தூரில் நல்ல வேலை வந்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் போகிற வாரம் நான் கண் ஆபரேஷன் செய்து கட்டோடு கிடந்தேன். வீட்டுக்கு வந்தார், பேசிக்கொண்டிருந்தார், குரல்தான் கேட்டேன். என் அறுபது தாளையும் கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். டீச்சரம்மா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டதால் பெயரைக் கேட்டு வைக்கவில்லை.

நீங்கள் நாலு ஊருக்குப் போகிற ஆள். கோயம்புத்தூர் பக்கம் கையால் படம் வரையச் சொல்லித் தருகிற வடமதுரைக்காரர் யாரையாவது பார்த்தால் சொல்லிவிடுங்கள். தாத்தாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, மெல்லிசான பென்சில் கோடுகூடத் தெரிகிறது. ரூம் இன்னும் கை வகுப்புக்குத்தான். இப்போது மூக்குத்திப் பிள்ளை சொல்லித் தருகிறது. இந்த வருடம் பதினொரு பேர். யாரோ சொன்னதை வைத்துச் சொல்லவில்லை, படியேறிப் போய் நானே எண்ணிவிட்டு வந்தேன் என்று சொல்லுங்கள்.